டெல்டாவில் ஆய்வு தொடங்குகிறீர்களா? முதலில் ஒரு வாய்க்காலைப் பிடியுங்கள்

எம்.எஸ்சி. ஆய்வேடோ பிஎச்.டி.யின் முதல் வருடமோ, கையில் "சுற்றுச்சூழல், சமூகம், நிலப்பரப்பு மேலாண்மை" என்று பெரிதாக ஒரு துறைப் பெயர் இருக்கும், எந்த ஊரில் போய் யாரிடம் என்ன கேட்பது என்பது மட்டும் தெரியாது. அந்த நிலையில் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் இளங்கலையில் படித்தது விலங்கியல். வடுவூர் ஏரியில் பறவை எண்ணப் போனேன். ஏரிக்குத் தண்ணீர் எப்போது வருகிறது என்று தெரியாமல் பறவை எப்போது வருகிறது என்பதை விளக்க முடியவில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் மேட்டூர், மதகு, மதகைத் திறக்கும் ஆள், அந்த ஆளிடம் சத்தம் போடும் கீழ்மடை ஊர் என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

பல துறை சேர்ந்த படிப்பு என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் படித்தால் இரண்டு வருடம் கழித்து எதுவும் கையில் நிற்காது. ஒரே நிலத்தில் நடக்கிற ஒரே சிக்கலை, அதற்குத் தேவைப்படுகிற எல்லாக் கண்களோடும் பார்ப்பதுதான் வேலை. கடலோர இறால் பண்ணை விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் நாகைக் கடலோரத்தில் நெல் வயல்கள் இறால் குட்டைகளாயின. பக்கத்து வயலில் உப்பு ஏறியது, குடிதண்ணீர் கெட்டது, நடவு வேலை போனது, மீனவர்கள் கரைக்குப் போகும் வழி அடைபட்டது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை அனுப்பி ஆராயச் சொல்லிவிட்டு, 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மண்ணை மட்டும் பரிசோதித்தவருக்கு வேலை இழந்த பெண்கள் தெரிந்திருக்க மாட்டார்கள், கூலிக் கணக்கு எடுத்தவருக்கு உப்பு எந்த வழியாக வந்தது என்று தெரிந்திருக்காது. இரண்டும் ஒரே தாளில் வந்ததால்தான் அந்த வழக்குக்குப் பலம்.

இடத்தை முடிவு செய்யுங்கள்

தலைப்பு அப்புறம் வரட்டும். டெல்டா முழுவதையும் எடுக்காதீர்கள், ஒரு மாவட்டத்தையும் எடுக்காதீர்கள். கிராமம் என்று எடுத்தாலும் ஒரு சங்கடம் உண்டு: வருவாய்க் கிராம எல்லையோடு உங்கள் ஆய்வு நின்றுவிடும், தண்ணீர் அந்த எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. அதனால் ஒரு வாய்க்காலை எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், இதுவரை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறும் வடவாறும், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இந்தக் கடைசி இரண்டும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் போய்க் கடல் நீரோடு கலக்கின்றன. நெல் வயல், ஊர், தென்னந்தோப்பு, இறால் குட்டை, அலையாத்தி என்று ஒரே ஆற்றங்கரையில் இத்தனையும் பார்க்கலாம், அதனால் புதிதாக வருகிறவருக்கு இந்தப் பக்கம் நல்ல இடம். இந்த ஆறுகளிலிருந்து பிரியும் வாய்க்கால்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். தூர் வாரும் செய்தி வரும்போதெல்லாம் "சி, டி வாய்க்கால்" என்று காதில் விழுமே, அதுதான். தலைமடையிலிருந்து கடைமடை வரை ஒரு பகலில் நடந்து முடிக்கக்கூடிய ஒரு சி வாய்க்காலைத் தேடுங்கள். தங்க ஒரு வீடு, சாப்பிட ஒரு கடை, சைக்கிள் அல்லது பழைய மொபெட் ஒன்று கிடைக்கிற ஊராக இருப்பது முக்கியம். ஆய்வுத் திட்டத்தில் இதை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் தங்க இடம் இல்லாததாலேயே நின்றுபோன ஆய்வுகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"காவிரி டெல்டாவில் காலநிலை மாற்றமும் வாழ்வாதாரமும்" என்பது தலைப்பு, கேள்வி கிடையாது. "இந்த வாய்க்காலின் கடைமடையில் குறுவையை ஏன் விட்டார்கள், எந்த வருடத்திலிருந்து, யார் முதலில் விட்டார்கள்?" என்பது கேள்வி. இதற்குப் பதில் தேடினால் மேட்டூர்த் திறப்புத் தேதி, நிலத்தடி நீரின் உப்பு, போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் செலவு, ஆள் கூலி, பிள்ளைகள் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போனது எல்லாம் தானாக உள்ளே வரும்.

என் முதல் கேள்வியே தப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைமடை என்றால் தண்ணீர்ப் பஞ்சம் என்று முடிவு கட்டிக்கொண்டு, "உங்களுக்கு எத்தனை நாள் தாமதமாகத் தண்ணீர் வருகிறது" என்று ஒரு கேள்வித்தாளோடு திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனேன். எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "தம்பி, தண்ணி வரலன்னு எழுதிக்கிட்டீங்க சரி, வந்த தண்ணி வடியலங்கறத எங்க எழுதுவீங்க?" என்றார். என் தாளில் அதற்கு இடமே இல்லை. ஜூனில் காய்கிற அதே வயல் ஐப்பசி, கார்த்திகையில் முழுகிக் கிடக்கிறது. கீழ் டெல்டாவில் பல ஆறுகள் மேல் பகுதிக்கு வடிகாலாகவும் கீழ்ப் பகுதிக்குப் பாசனமாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன, அதோடு கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் எதிரே ஏறி வராமல் இருக்க கடைசியில் ஒரு ஷட்டர் வேறு. பாசனத்தை மட்டும் கேட்டால் பாதி நிலப்பரப்பைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வித்தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன், மூன்று மாதம் போயிற்று.

எங்கே சேர்வது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படிப்பின் பெயரைவிட வழிகாட்டியும் களமும்தான் பெரிது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையம், வனவிலங்கு உயிரியலுக்கு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி என்று டெல்டாவை ஒட்டியே இடங்கள் இருக்கின்றன. சமூக அறிவியல் பக்கம் சாய்வு இருந்தால் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், இரண்டையும் ஒரே கூரையில் வேண்டுமென்றால் பெங்களூரில் ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம், வரைபடமும் தாவரமும் சமூகவியலும் சேர்ந்து பார்க்க பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம். வெளிநாடு என்றால் நெதர்லாந்தின் வாகனிங்கனும் டெல்ஃப்டும் நீர், நிலம் பற்றிய முதுகலைப் படிப்புகளுக்குப் பெயர் பெற்றவை. அதுவும் டெல்டா நாடு, அங்கே படித்துவிட்டு இங்கே களம் வைத்துக்கொள்ளலாம். சேருவதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: உங்கள் வழிகாட்டிக்கு வேறு துறையில் பேச்சுவார்த்தை உள்ள ஒரு நண்பராவது இருக்கிறாரா? நீரியல் தெரிந்த வழிகாட்டி, மானிடவியல் தெரிந்த துணை வழிகாட்டி என்று இருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

காகிதங்களைத் தேடுங்கள்

ஊருக்குள் கேள்வி கேட்கப் போகும் முன் ஒரு மாதம் காகிதத்தோடு உட்காருங்கள். கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு, சிட்டா (இந்த இரண்டும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்பவை), அடங்கல் ஆகிய ஐந்தையும் பழக வேண்டும். எந்தப் புல எண்ணில் எந்தப் போகத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதுவது அடங்கல். அது பசலி ஆண்டில் இருக்கும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அந்த வருட ஜூலையில் தொடங்குகிற ஆண்டு வரும், உதாரணமாகப் பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. இதைத் தெரியாமல் சம்பாவை ஒரு வருடம் தள்ளிப் போட்டு வரைபடம் வரைந்த தோழி ஒருத்தி, பாவம், முழு அத்தியாயத்தையும் மாற்றி எழுதினாள்.

பழைய புள்ளிவிவரத்தை ஒப்பிடும்போது இன்னொரு குழி இருக்கிறது. 1961 கணக்கெடுப்பில் "தஞ்சாவூர் மாவட்டம்" என்றால் அது இன்றைய தஞ்சாவூர் கிடையாது. 1974-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பகுதி போனது, 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-ல் திருவாரூர், 2020 டிசம்பரில் நாகையிலிருந்து மயிலாடுதுறை. மாவட்ட அளவில் ஐம்பது வருடக் கோடு இழுப்பதற்கு முன் எல்லையைச் சரி செய்யுங்கள், முடிந்தால் தாலுகா அளவுக்கு இறங்குங்கள்.

காகிதத்தில் இல்லாதது எது என்பதையும் பார்க்கப் பழகுங்கள். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம், அவற்றில் சாகுபடி செய்கிறவர் வேறு. தனியார் நிலத்திலும் வாய்வார்த்தைக் குத்தகை நிறைய நடக்கிறது, 1969-லேயே குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தும்கூட. ஆகவே சிட்டாவில் இருக்கும் பெயரை "விவசாயி" என்று எடுத்துக்கொண்டு பேட்டி காணப் போனால், சென்னையில் வங்கி வேலை பார்க்கிற ஒருவரிடம் போய் நிற்பீர்கள்.

காவிரி வழக்குத் தாள்களைக் கட்டாயம் படியுங்கள். நடுவர் மன்றம் 1990-ல் அமைந்தது, இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழகத்துக்கு எல்லையில் கிடைக்க வேண்டிய அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆக்கியது. குறைத்ததற்கான காரணங்களில் ஒன்று டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்தது. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் வாய்க்காலுக்குப் போங்கள். அங்கே போர்த் தண்ணீர் உப்பா நல்லதா, எத்தனை அடியில், அந்தப் போர் யாருடையது, அதிலிருந்து தண்ணீர் விலைக்கு வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். தீர்ப்பில் ஒரே எண்ணாக இருப்பது கடைமடையில் எப்படி வீட்டுக்கு வீடு வேறாகிறது என்பதே ஒரு நல்ல ஆய்வேடு. வெண்ணாறு உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடந்த காலநிலைத் தகவமைப்புத் திட்டத்தின் ஆவணங்களும் பொதுவெளியில் கிடைக்கின்றன, ஷட்டர்களையும் வடிகால்களையும் பொறியாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவற்றில் தெரியும். கிடைக்காத தாளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் வைத்து மனுப் போடுங்கள், கேட்கும் தாளின் பெயர், வருடம், புல எண் எல்லாம் துல்லியமாக இருக்கட்டும். ஒரு அலுவலகத்தில் எனக்கு வந்த பதில் "கோரிய தகவல் தெளிவாக இல்லை" என்ற ஒரே வரி. நான் கேட்ட விதம் அப்படித்தான் இருந்தது, இரண்டாம் முறை பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டதும் கொடுத்தார்கள்.

செயற்கைக்கோள் படத்தை நம்பும் முன்

வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், சென்டினல், லேண்ட்சாட் படங்களும் இலவசம், இவற்றை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். ஆனால் நம் பகுதியில் மூன்று இடத்தில் ஏமாறுவோம். வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடியிருக்கும், அந்த மாதங்களுக்கு மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படம்தான் உதவும். ரேடாரிலும் சரி சாதாரணப் படத்திலும் சரி, நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் வெள்ளத்தில் முழுகிய வயலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். எந்த வாரத்தில் எந்த வயலில் நடவு என்று நீங்கள் நேரில் குறித்து வைத்திருந்தால் ஒழிய, வெள்ளச் சேதத்தை இரண்டு மடங்காக எழுதிவிடுவீர்கள். மூன்றாவது, தை அறுப்புக்குச் சில நாள் முன்னாலேயே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பச்சைப் பயறும் தெளித்துவிடுவார்கள், மாசியில் தெரிகிற பச்சையை மூன்றாம் போக நெல் என்று எண்ணிவிடாதீர்கள்.

நடங்கள், முழு நீராண்டு

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது. வருடத்துக்கு வருடம் மாறும், அந்த மாற்றமே உங்கள் தரவு. கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள் ஆகும், அங்கிருந்து கடைமடைக்கு எப்போது வந்தது என்று நீங்கள்தான் நின்று பார்த்து எழுத வேண்டும். களப்பணியை மே மாதத்தில் தொடங்குங்கள். வாய்க்கால் காய்ந்து கிடக்கும், மதகின் அடித்தளம், உடைந்த கட்டுமானம், வீட்டுக் கழிவு விழும் இடம், கரையை வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்ட இடம் எல்லாம் வெளியே தெரியும். தண்ணீர் ஓடும்போது இதில் பாதி மறைந்துவிடும். ஜூனில் மறுபடி நடங்கள், எந்த மதகில் தண்ணீர் நிற்கிறது, வெங்காயத் தாமரையும் காட்டாமணக்கும் எங்கே அடைத்திருக்கின்றன என்று. ஐப்பசி மழையில் ஒருமுறை, அப்போது வடிகாலின் வாயைப் பாருங்கள். தையில் ஒருமுறை. நான்கு நடை போதும், ஒவ்வொன்றிலும் ஒரே இடங்களில் நின்று ஒரே திசையில் படம் எடுங்கள். எக்கல் மண், படுகை, திடல், கொல்லை என்று ஊர்க்காரர்கள் நிலத்துக்கு வைத்திருக்கும் பெயர்களை அப்படியே எழுதுங்கள். மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியாத இந்தத் தட்டையான நிலத்தில், எது முழுகும் எது முழுகாது என்பது அந்தப் பெயர்களில் இருக்கிறது.

யாரிடம் பேசுவது, எந்த வரிசையில்

புதியவர்கள் நேராக ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறார்கள். நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள், நன்றாகத்தான் பேசுவார்கள். ஆனால் அந்தத் திண்ணையில் உங்களைப் பார்த்த பிறகு காலனித் தெருவில் உங்களிடம் வேறு விதமாகத்தான் பேசுவார்கள். இந்த மண்ணுக்கு அந்த நினைவு ஆழமாக இருக்கிறது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல். அதற்குப் பதினாறு வருடம் கழித்து 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். டெல்டாவின் நிலப்பரப்பைப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, யார் வீடு மேட்டில், யார் வீடு வடிகால் ஓரத்தில் என்பதைக் குறிக்காமல் வரைபடம் வரைவது எனக்குச் சம்மதமில்லை. குறித்துப் பாருங்கள், வெள்ள வரைபடத்தோடு அதை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

என் வரிசை இது: முதலில் லஸ்கர், அதாவது ஷட்டரை ஏற்றி இறக்கும் நீர்வளத் துறை ஊழியர், அவரோடு நாலு நாள் கூடவே சுற்றுங்கள். அடுத்து நடவு, களை எடுக்கும் பெண்கள். வேலை நேரத்தில் நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள், அது அவர்கள் கூலி. மாலையில் போங்கள், அத்தை, அக்கா என்று முறை சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் எந்த வயலில் காலில் புண் வருகிறது, எந்த வயலில் நண்டு, நத்தை போயிற்று என்று சொல்வார்கள், மண் பரிசோதனைக்கு எங்கே மாதிரி எடுப்பது என்று எனக்குக் காட்டியது அப்படி ஒரு பேச்சுத்தான். அப்புறம் குத்தகைக்காரர், அதன் பின் நிலக்காரர், கடைசியில் அதிகாரிகள். இடையில், அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்டுக் கிடையோடு வருகிறவர்களையும் வாத்து மேய்ப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் இந்த வயல்களில் நடந்து போகிறவர்கள், எது மாறியிருக்கிறது என்பதை உள்ளூர்க்காரரைவிடச் சட்டென்று சொல்வார்கள்.

"எத்தனை ஏக்கர்?" என்று முதல் நாளே கேட்க வேண்டாம். பெயரை எழுதுவதிலும் கவனம். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்திலும், சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961–62-லும் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார்கள், இருவருமே ஊருக்குப் புனைபெயர்தான் கொடுத்தார்கள். ஆனால் இன்று ஜிபிஎஸ் புள்ளியோடு வரைபடம் போட்டால் புனைபெயரால் பயன் இல்லை. குத்தகைத் தகராறு, கரை ஆக்கிரமிப்பு, சட்டத்துக்குப் புறம்பான மணல் அள்ளல் பற்றி ஒருவர் சொன்னதை அவருடைய வயலின் புள்ளியோடு அச்சிடாதீர்கள். பேச்சுக் குறிப்பும் இடக் குறிப்பும் வேறு வேறு கோப்பில் இருக்கட்டும்.

எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

பலரும் செய்கிற பிழை: மூன்றாம் அத்தியாயம் மண், நான்காம் அத்தியாயம் மக்கள், ஐந்தில் "ஒருங்கிணைப்பு" என்று ஆறு பக்கம். தேர்வாளர் அந்த ஆறு பக்கத்தைத்தான் பிடித்துக்கொள்வார். வாய்க்காலின் நீளத்திலேயே அத்தியாயம் பிரியுங்கள்: தலைமடை, நடு, கடைமடை, முகத்துவாரம். ஒவ்வொன்றிலும் உப்பளவும் கூலியும் குத்தகையும் பறவையும் சேர்ந்தே வரட்டும். ஒரு எண்ணும் ஒரு பேச்சும் முரண்பட்டால் இரண்டையும் அருகருகே வையுங்கள். எனக்கு அப்படி ஒரு இடத்தில் அளவீட்டுக் கம்பி தண்ணீர் ஓடியதாகக் காட்டியது, ஊர் முழுக்க இல்லை என்றது. போய்ப் பார்த்தால் தண்ணீர் இரவில் மட்டும் வந்து, விடிவதற்குள் மேல்மடையில் மறித்துவிட்டிருந்தார்கள்.

ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு மாதம் முன்பு உங்கள் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து ஊருக்குக் கொண்டுபோங்கள், எழுத்தெல்லாம் தமிழில் இருக்கட்டும். ஒரு நாள் டீக்கடையில், இன்னொரு நாள் காலனியில் மாரியம்மன் கோயில் முன்னால் விரித்து வையுங்கள், இரண்டும் இரண்டு தனிக் கூட்டமாக. நான் விரித்தபோது ஒரு பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வடிகாலக் காணுமே" என்றார். பதிவேட்டில் இல்லாத, தெருவுக்குப் பின்னால் அவர்களே வெட்டி அவர்களே பராமரிக்கிற சிறு கால் அது, நான்கு முறை அதைத் தாண்டி நடந்திருக்கிறேன். மறுநாள் காலை அவருடைய பேத்தி முன்னால் போக, அந்தக் கோட்டை வரைந்து சேர்த்தேன். இந்தத் திருத்தங்களுக்கென்று குறைந்தது மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள், சம்பா நடவும் அறுப்பும் இல்லாத வாரங்களாகப் பார்த்து.